மூட்டு உள்ளே போயிருச்சு, அப்புறம் என்ன?

எங்கள் ஊர் தை மாத மின்னொளி கபடியில் அரையிறுதி ஆட்டம். மணி இரவு 9.40. இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் செல்போனில் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் பாடிப் போனேன். வயது 33, எடை 84 கிலோ, பயிற்சி என்று பார்த்தால் பொங்கலுக்கு முந்தின பத்து நாள். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரணியின் இடது கார்னரில், அதாவது ஓரத்தில், நின்ற பையன் குனிந்து என் இடது கணுக்காலை இறுக்கிக்கொண்டான். நடுக்கோடு இரண்டடி தூரம். எட்டிப் பாய்ந்தால் விரல் பட்டுவிடும். உடம்பை முன்னால் வீசினேன். பிடிபட்ட கால் பின்னால் விறைத்து நேராக நின்றது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு அடுத்து உள்ளே, கவரில் நின்றவர் தோளால் வந்து மோதினார். மோதியது முழங்காலின் முன்பக்கத்தில். மடங்கவேண்டிய திசைக்கு நேர் எதிராக முழங்கால் மடங்கியது.

வலியைவிட முதலில் சத்தம்தான். காய்ந்த முருங்கைக் கிளையை ஒடிப்பது போல. குனிந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முன்னால் தள்ளி நிற்கிறது, தொடை எலும்பு பின்னால் இறங்கிக் கிடக்கிறது. மாடிப்படி மாதிரி ஒரு பள்ளம். கூட்டம் அமைதியாகிவிட்டது. எங்கள் அணி கேப்டன் ஓடி வந்து, "ஒண்ணுமில்ல பங்காளி, மூட்டுதான் நழுவியிருக்கு" என்று குதிகாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். டக் என்று ஏதோ உட்கார்ந்தது. கால் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது.

"மூட்டு உள்ள போயிருச்சு, அப்புறம் என்ன?" என்று யாரோ சொன்னார்கள். கைதட்டல்கூடக் கேட்டது. நானும் சிரித்தேன் என்பது வீடியோவில் இருக்கிறது.

அடுத்த மூன்று மணி நேரத்தில் நடந்ததை இப்போது நினைத்தால், ஒவ்வொரு அறிகுறிக்கும் நாங்களே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தது ஆச்சரியமாக இருக்கிறது. பெட்டிக்கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி முழங்காலில் வைத்தார்கள். பாதம் சில்லிட்டபோது "ஐஸ் வச்சதுனால" என்றார்கள். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினார்கள். விரல்கள் மரத்தபோது "கட்டு இறுக்கம்" என்று சொல்லி ஒரு சுற்று தளர்த்தினார்கள். கெண்டைக்காலில் வெடித்துவிடும்போல வலி வந்தபோது "அடி பட்டா வலிக்காதா மாப்ள?" என்றார் மச்சான். பாதம் வெளுத்துப் போனது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் நாங்கள் வெறுங்காலோடு மண் தரையில் ஆடுகிறவர்கள். இரண்டு பாதமும் செம்மண் பூசி ஒரே நிறத்தில் இருந்தன. இடது காலில் ஆங்க்லெட், அதாவது கணுக்கால் உறை, வேறு.

பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். பணியில் இருந்த இளம் டாக்டரிடம், "கபடி ஆடும்போது முழங்கால் பிசகிருச்சு சார்" என்றார் மச்சான். பிசகிருச்சு. மூட்டு முழுதாக வெளியே வந்து நின்றது, கேப்டன் இழுத்து உள்ளே தள்ளினார் என்பதை யாருமே சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சரியாகிவிட்ட ஒன்றை எதற்குச் சொல்வது என்ற நினைப்பு. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, மூட்டு இடத்தில் இருக்கிறது. "லிகமென்ட் கிழிஞ்சிருக்கலாம், நரம்பு இழுத்துக்கிட்டிருக்கு, நாளைக்கு எம்ஆர்ஐ எடுத்துட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டு, முழங்காலுக்கு ஒரு பிரேஸ் மாட்டி அனுப்பிவிட்டார். ஆங்க்லெட்டை யாரும் கழற்றவில்லை.

இந்த "நரம்பு" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பேச்சில் ஊசி போடுவதும் நரம்பில்தான், கை மரத்தாலும் நரம்புதான், கையில் புடைத்துத் தெரிவதும் நரம்புதான். ரத்தம் போகிற குழாயும் உணர்ச்சி போகிற இழையும் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. அதனால் "நரம்பு இழுத்துக்கிட்டிருக்கு" என்றதும் எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. ரத்தக்குழாய் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அடைபட்டிருக்குமா என்று ஒருவராவது கேட்டிருப்போம். இன்றைக்கு யார் என்னிடம் நரம்பு என்று சொன்னாலும் எந்த நரம்பு என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. ஊசியால் வலி கொஞ்சம் மங்கியிருந்தது. ஆட்டத்தில் தோற்றுவிட்டாலும் எங்கள் கேப்டனுக்கு மனசு கேட்கவில்லை. பைபாஸ் கடையில் வண்டியை நிறுத்தி எனக்கு மூன்று பரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்தார். அதற்காக மதுரையில் மயக்க மருந்து டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

வீட்டில் படுக்கவைத்து, காலை இரண்டு தலையணைமேல் உயர்த்தினார்கள். அக்கா வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள். அம்மாதான் தடுத்தார்.

அம்மாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. ஒரு முறை புண் ஆறாமல் வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. அதிலிருந்து மாதாமாதம் பாதத்தைக் காட்டப் போகிறார். அங்கே டாக்டரம்மா பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருப்பாராம். பிறகு கணுக்காலுக்கு உள்பக்கம் பின்னால். அம்மாவுக்கு அது மனப்பாடம். ஈரத் துண்டை எடுத்துவந்து, பேசாமல் என் இரண்டு பாதத்தையும் துடைத்தார். செம்மண் போனதும் வலது பாதம் எப்போதும்போல இருந்தது. இடது பாதம் மெழுகு நிறத்தில் இருந்தது. நகத்தை அமுக்கி விட்டார். வலதில் உடனே சிவந்தது, இடதில் வெள்ளையாகவே நின்றது. பிறகு விரல் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"இந்தக் கால்ல ஒண்ணுமே அடிக்கலையே சாமி" என்றார். "ஐஸு எப்ப வச்சது?"

"பத்து மணிக்கும்மா."

"மணி ஒண்ணாகப் போகுது. இன்னுமா சில்லுனு இருக்கும்?"

பெருவிரலை அசைக்கச் சொன்னார். அசைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அசையவில்லை.

மச்சான் மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அம்மா 108-ஐக் கூப்பிடச் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்த தம்பி கால் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கருந்து எப்படியும் மதுரைக்கு அனுப்புவாங்க. ரத்தக்குழாய் பாக்குற டாக்டர் அங்கதான் இருக்காங்க" என்று சொல்லி, போகிற வழியிலேயே போனில் தகவல் சொன்னார். தலையணையை எடுத்துவிட்டுக் காலை மட்டமாக வைத்தார். ரத்தம் வராத காலை உயர்த்திவைத்தால், இடுக்கில் கசிந்து வருகிற கொஞ்ச ரத்தமும் வராமல் போகும் என்றார். அதையும் நாங்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருந்தோம்.

மதுரை பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது 2.35. அங்கே பட்டமேற்படிப்பு படிக்கிற ஒரு டாக்டர் தம்பி, என்ன நடந்தது என்று கேட்டார். மச்சான் மறுபடியும் "பிசகிருச்சு" என்று ஆரம்பிக்க, கூட வந்த பையன் போனை நீட்டினான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு மணி நேரமாக ஊரே பார்த்துக்கொண்டிருந்த வீடியோ. டாக்டர் ஒரு தடவைதான் பார்த்தார். முழங்கால் படிக்கட்டு மாதிரி நின்ற இடத்தில் நிறுத்தினார். அடுத்த நொடி அவர் நடக்கவில்லை, ஓடினார்.

டாப்ளர் என்று சின்ன கருவி. பேனா மாதிரி ஒரு முனையைத் தோலில் வைத்தால் ரத்த ஓட்டம் உஷ்... உஷ்... என்று சத்தமாகக் கேட்கும். வலது கணுக்காலில் கேட்டது. இடதில் வெறும் இரைச்சல். சந்தேகமாக இருக்கிற காலுக்கு இன்னொரு கணக்கு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்: பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டி, அங்கே எவ்வளவு அழுத்தம் என்று பார்த்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9-க்குக் கீழே போனால் குழாயில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. வகுப்பதற்கு எண்ணே இல்லை. ரத்தக்குழாயைப் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த ரத்தநாள அறுவை டாக்டர், "எங்க அடைச்சிருக்கும்னு தெரியும். நாடி இல்ல, விரல் அசையல. எதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்? டேபிள்லயே பாத்துக்கலாம்" என்றார்.

நான் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் பதிக்கிற வேலை செய்கிறவன். அவர் விளக்கியது எனக்குச் சட்டென்று புரிந்தது. தொடையிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் முழங்காலுக்குப் பின்னால், அந்தக் குழியில் ஓடுகிறது. பாப்லிட்டியல் தமனி என்று பெயர். முழங்காலுக்கு மேலே தொடைத் தசைநாரில் உள்ள ஒரு துளை வழியாக நுழைகிறது. கீழே கெண்டைக்கால் தசையின் வளைவுக்கு அடியில் இறங்குகிறது. இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்ட குழாய் மாதிரி. நடுவில் மூட்டு முன்னால் துருத்திக்கொண்டு போனால் குழாய்க்கு நகர இடமில்லை, இழுபட வேண்டியதுதான். இழுபடும்போது முதலில் கிழிவது உள்பக்கத்து மெல்லிய படலம். வெளிச்சுவர் நன்றாகவே இருக்கும். கிழிந்த படலம் மடிந்து உள்ளே தொங்கும், அதில் ரத்தம் உறைந்து அடைக்கும். டியூப்பின் உள்தோல் உரிந்து அடைத்துக்கொண்டதை வெளியில் இருந்து பார்த்தால் தெரியுமா? அதேதான். அதனால்தான் வெளியே ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை, வீக்கமும் பயப்படும்படி இல்லை.

முழங்காலை மடங்கும் திசைக்கு எதிராக வளைத்தால் எத்தனை டிகிரியில் என்ன கிழியும் என்று 1963-இல் கென்னடி என்ற மருத்துவர் பிணங்களின் கால்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஏறத்தாழ 30 டிகிரியில் மூட்டின் பின்புற உறை கிழிந்தது, 50 டிகிரி வாக்கில் ரத்தக்குழாய். என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளக்க முயன்ற மருமகனை நான்தான் போதும் என்று தடுத்தேன்.

வார்டில் கிடந்த நாட்களில் அந்தப் படிப்பு டாக்டர் தம்பியை நச்சரித்து இன்னும் சில கணக்குகள் கேட்டுவைத்தேன். முழங்கால் மூட்டு முழுதாக விலகியவர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டு பேருக்கு இந்தக் குழாய் அடிபட்டிருக்கிறது. பழைய ஆய்வுகளில் மூன்றில் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் இந்தக் குழாயில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நூற்றுக்கு 72 பேருக்கு மேல் கால் போயிற்று. அன்றைக்குக் குழாயைக் கட்டிவிடுவதே பெரும்பாலும் வழி. முழங்காலைச் சுற்றி மாற்றுப் பாதையாகச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன, ஆனால் அவை போதாது. 1977-இல் கிரீன், ஆலன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாத கால்களில் 86 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. எனக்கு ரத்தம் திரும்பியபோது மணி 4.50. அதாவது ஏழு மணி பத்து நிமிடம். பரோட்டாவுக்குச் செலவான அரைமணியை நான் இன்னும் மறக்கவில்லை.

அறுவை சிகிச்சையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் குழாயை இடையில் செருகி, தற்காலிகமாக ரத்தத்தைப் பாய விட்டிருக்கிறார்கள். மூட்டு ஆடாமல் இருக்க எலும்பு டாக்டர்கள் தொடையிலும் கெண்டைக்காலிலும் கம்பி இறக்கி வெளியே சட்டம் மாட்டினார்கள். பிறகு வலது தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, கிழிந்த இடத்தில் தைத்தார்கள். ஏன் தலைகீழ் என்று கேட்டேன். சிரைக்குள் ஒருவழி வால்வு இருக்கிறதாம். அப்படியே வைத்தால் ரத்தத்தை மறிக்கும். நான்-ரிட்டர்ன் வால்வைத் திருப்பி மாட்டினால் மோட்டார் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா?

கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குத் தோலையும் தசை உறையையும் வெட்டித் திறந்து விட்டிருந்தார்கள். கண் விழித்தபோது அதைப் பார்த்துத்தான் பயந்தேன். பல மணி நேரம் காய்ந்து கிடந்த தசையில் ரத்தம் திரும்பப் பாய்ந்தால் அது உப்பும். உறை இடம் கொடுக்காது. உள்ளழுத்தம் ஏறி மறுபடியும் ரத்தம் நிற்கும். அதற்காகவே முன்கூட்டித் திறந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. செத்த தசையின் கழிவு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் தசையை வெட்டி எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். வெளிச்சட்டம் ஆறு வாரம். லிகமென்ட்டுக்கு ஐந்து மாதம் கழித்து ஒரு அறுவை. இவை எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு.

பாதியில் ஒரு நாள் டாக்டரிடம், "இழுத்து உள்ள தள்ளினது தப்பா சார்?" என்று கேட்டேன். கேப்டன் தினமும் வந்து கட்டில் ஓரத்தில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார், அவருக்காகத்தான் கேட்டேன். "பழக்கமில்லாதவங்க இழுக்கக் கூடாதுதான். எலும்பு உடைஞ்சிருந்தா என்ன ஆகும்? இருக்கிற நிலையிலயே ரெண்டு பக்கமும் கட்டை வச்சுக் கட்டிக் கூட்டிட்டு வரணும். ஆனா அதைவிடப் பெரிய தப்பு, இழுத்ததைச் சொல்லாதது" என்றார். முழங்கால் மூட்டு விலகுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அது தானாகவோ யாரோ இழுத்தோ உள்ளே போயிருக்குமாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அந்தச் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, பாதத்தைத் தொடவில்லையே என்று. ஆனால் நாங்கள் அவரிடம் பாதிக் கதையைத்தான் கொடுத்தோம்.

ஆகவே, விளையாட்டில் யாருக்காவது மூட்டு இடம் மாறியதைக் கண்ணால் பார்த்தால், டாக்டரிடம் "சுளுக்கு", "பிசகு" என்று சொல்லாதீர்கள். "எலும்பு வெளியே வந்து நின்றது, இத்தனை மணிக்கு, இன்னார் இழுத்து உள்ளே போயிற்று" என்று சொல்லுங்கள். வீடியோ இருந்தால் கேட்காமலே காட்டுங்கள். ஸ்டேட்டஸ் அப்புறம்.

பாதத்தைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் மண்ணைக் கழுவுங்கள்; சாக்ஸ், ஆங்க்லெட், ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெருவிரலைத் தூக்கினால் பாதத்தின்மேல் கயிறு மாதிரி ஒரு தசைநார் எழும்பும். அதற்கு வெளிப்பக்கம், பாதத்தின் நடுவில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு நின்றுவிடும், உங்கள் விரலின் துடிப்பே உங்களை ஏமாற்றும். கட்டைவிரல் ஆகாது. இன்னொரு இடம், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால். ஆரோக்கியமாக இருக்கிற சிலருக்கே பாதத்தின் மேல் துடிப்பு கைக்குச் சிக்காது, அதனால் இரண்டு இடமும் பாருங்கள், நல்ல காலோடு ஒப்பிடுங்கள். பிறகு நகத்தை அமுக்கிவிட்டு நிறம் திரும்புகிறதா, விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா. ஒரு நிமிடம் ஆகாது.

இதில் ஒரு சறுக்கல் இருக்கிறது. துடிப்பு கிடைத்துவிட்டால் பயமில்லை என்று படுத்துவிடக் கூடாது. உள்படலம் கிழிந்தும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். உறைந்து அடைக்கச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். என் பக்கத்துக் கட்டிலில் பைக்கில் விழுந்து முழங்கால் விலகிய ஒரு கல்லூரிப் பையன் கிடந்தான். அவனுக்கு முதலில் துடிப்பு நன்றாகவே இருந்தது. ஆனாலும் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து பாதத்தைத் தொட்டு எழுதிக்கொண்டு போனார், இரண்டு நாள். தூங்கவிடமாட்டேன் என்கிறார்களே என்று அவன் புலம்புவான். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆகவே முழங்கால் முழுதாக விலகியது என்றால், பாதம் சூடாக இருந்தாலும் அன்று இரவு வீட்டில் தூங்குவதில்லை; ரத்தக்குழாய் டாக்டர் இருக்கிற இடத்தில் தூங்குவது.

செய்யக் கூடாதவையும் உண்டு. எண்ணெய் போட்டு உருவாதீர்கள். மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்; சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். என் அக்கா கொண்டுவந்த பையை அம்மா தடுத்தது அதனால்தான், சர்க்கரைக்காரர்களுக்கு அது பாடம். எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பரோட்டா.

கைக்கும் இது உண்டு. வாலிபாலில், கிரிக்கெட்டில் கையை ஊன்றி விழுந்து முழங்கை விலகினால், முன்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழியலாம். அங்கே மாற்றுப் பாதைகள் நிறைய இருப்பதால் கை சூடாக இருந்தே ஏமாற்றும். மணிக்கட்டு நாடியைத்தான் பார்க்கவேண்டும். தோள்பட்டை விலகலில் இது அபூர்வம், ஆனால் வயதானவர்களுக்கு அக்குள் குழாய் இறுகிப்போயிருக்கும். அக்குளில் காலை உதைத்து இழுக்கிற நம்மூர் வைத்தியம் அவர்களுக்கு ஆபத்து. அக்குளில் வீக்கம் பெருத்துக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம்.

மருமகன் ஒரு நாள் அமெரிக்க ஃபுட்பால் வீடியோ ஒன்றைக் காட்டினான். 2017 அக்டோபர் 29, நியூ ஆர்லியன்ஸ் மைதானம். சிகாகோ பேர்ஸ் அணியின் ஸாக் மில்லர், எல்லைக்குள் பந்தைப் பிடித்தபடி விழுகிறார். ஊன்றிய இடது முழங்கால் எதிர்த்திசையில் வளைகிறது. கிழிந்தது அதே குழாய். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்றே ரத்தக்குழாய் அறுவை செய்து காலைக் காப்பாற்றிவிட்டார்கள். மறுபடியும் ஆடவில்லை, 2019-இல் ஓய்வு பெற்றார். அவர் பிடித்த பந்தையும் ரீப்ளே பார்த்துச் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அதுதான் மனசைப் பிசைந்தது. நான் அன்றைக்குக் கோட்டைத் தொட்டேனா இல்லையா என்று எங்கள் ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது.

என் கால் இருக்கிறது. பாதத்தை மேலே தூக்க மட்டும் முடியாது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு, இது நிஜ நரம்பு, அன்றைக்கே இழுபட்டுவிட்டது. ஷூவுக்குள் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு நடக்கிறேன். செருப்பு போட முடியாது. போட்டால் வழியில் கழன்று விழும், விழுந்தது எனக்குத் தெரியாது. பத்தடி தள்ளி வந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். கோயிலில் மட்டும் எல்லாரையும்போல வெறுங்காலோடு நிற்கிறேன். கணுக்காலைப் பிடித்த கார்னர் பையன் முதல் இரண்டு மாதம் என் கண்ணில் படாமல் சுற்றினான். வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்பினேன். "பிடி அருமையான பிடிடா தம்பி, விடாத" என்றேன். அழுதுவிட்டான்.

இந்தத் தையில் எங்கள் ஆட்டக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கதவுப் பலகை, நாலு மூங்கில் பட்டை, துணி, ஒரு குடம் தண்ணீர், ஒரு மார்க்கர் பேனா வைத்தோம். பேனா எதற்கு என்றால், அடிபட்ட நேரத்தைக் காலிலேயே எழுத. பரிசுப் பட்டியல் ஒட்டிய கம்பத்தில், ரத்தக்குழாய் அறுவை செய்கிற ஆஸ்பத்திரிகள் இரண்டின் தொலைபேசி எண்களையும் ஒட்டினோம். கமிட்டியில் ஒரு பெரியவர், "ஆட்டத்துக்கு முன்னாடியே அபசகுனமா?" என்று முணுமுணுத்தார். ஒட்டிவிட்டோம்.

இரண்டாம் நாள் ஒரு பதினேழு வயதுப் பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். விலகவில்லை, திருகல்தான், வீடியோவிலும் பார்த்தோம். அதற்குள் நாலு பேர் அவன் பாதத்தைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் நகத்தை அமுக்க, கேப்டன் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வலி முழங்கால்லண்ணே. பாதத்தை எதுக்கு நோண்டுறீங்க? கூசுது" என்றான் பையன்.

"சும்மா இருடா" என்றார் கேப்டன். "எண்ணிக்கிட்டு இருக்கேன்."